சித்தி, நீ அடுத்த பெட்டியில ஏறு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுவேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. நம்ம கூட்டமைப்பில் மாடு வாங்கின கதை, தையல் மெஷின் வாங்கின கதை எல்லாம் பேசியாச்சு. இந்த வருஷம் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "அடையாறுல உன் அக்கா பையனுக்கு நீ செஞ்சதைப் பேசு, நம்ம குழுக்கள்லயே நாலு வீட்ல அந்த மாதிரி பிள்ளைங்க இருக்கு, வெளிய சொல்லாம வச்சிருக்காங்க" என்றார்கள். அதனால் பேசுகிறேன். அக்காகிட்டயும் அந்தப் பையன்கிட்டயும் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "பேரு சொல்லக் கூடாது, போட்டோ போடக் கூடாது" என்று அவன் சொல்லிவிட்டான். ஆகவே பையன் என்றே சொல்கிறேன். இப்போ அவனுக்கு இருபது தாண்டிவிட்டது.

அவனுக்கு ஆட்டிசம். தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அவன் மதி ஒன்றும் இறுகிப் போகவில்லை. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரைக்கும் பறக்கும் ரயில் ஸ்டேஷன் எல்லாத்தையும் முன்னாலிருந்தும் சொல்வான், பின்னாலிருந்தும் சொல்வான். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்க மாட்டான். நான் போகிறபோது நிலைமை இதுதான்.

ஆட்டிசம் என்பது நோய் இல்லை, பிறவியிலேயே மூளை வேலை செய்கிற விதம் வேறே மாதிரி இருப்பது. அதைக் குணமாக்குகிற மாத்திரை கிடையாது. யாராவது லேகியம், எண்ணெய் என்று பணம் கேட்டால் கொடுக்காதீங்க. ஆனால் அதோடு சேர்ந்து வருகிற பதட்டத்துக்கு மனநல டாக்டர் சில பேருக்கு மருந்து கொடுப்பார். அது வேறே விஷயம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா இது நம்ம பெண்கள் தலையில் விழுந்த பழி. 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி விவரமாக எழுதினார். அதுக்கப்புறம் பல வருஷம் அங்கே பெரிய பெரிய டாக்டர்களே, அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆச்சு என்று சொன்னாங்க. அந்த அம்மாக்களுக்கு ஃப்ரிட்ஜ் அம்மா என்று பேர் கூட வச்சாங்களாம். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர், அவரே அப்படி ஒரு பிள்ளைக்கு அப்பா, அது தப்பு என்று புத்தகமே எழுதினார். இப்போ எந்த டாக்டரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நம்ம பக்கம் மாமியாரும் நாத்தனாரும் இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. என் அக்கா பதினைந்து வருஷம் கேட்டாள். கிரகணத்தில் வெளியே வந்தியா, மாசமா இருக்கும்போது என்ன தின்னே என்று.

2023 ஜூன் மாசம் அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். மாமா ராத்திரி வாட்ச்மேன் வேலை, பகலில் தூங்கணும். அதனால் என் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் போனேன். அடையாறில் கஸ்தூரிபா நகர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் ஒரு சந்தில் கீழ் வீடு. ஒரு மாசம் என்று போனவள் மூணு மாசத்துக்கு மேல் இருந்தேன்.

பையன் ஒன்பதாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனான். அங்கே பசங்க காதுக்குப் பக்கத்தில் பேப்பர் கவரை ஊதி வெடிப்பாங்களாம். இவன் அலறினால் சிரிப்பாங்களாம். அதோடு நின்றுவிட்டான். அப்புறம் ஐந்து வருஷம் அந்த ஒரு அறைதான். காலையில் எழுந்தால் "சித்தி, இன்னிக்கு கரண்ட் போகுமா?" என்று ஆரம்பிப்பான். போகாதுடா கண்ணு என்றால் இரண்டு நிமிஷம் சும்மா இருப்பான். மறுபடியும் அதே கேள்வி. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், மத்தியானத்துக்குள் நாற்பது தடவை தாண்டியது. வாசற்படியில் நிற்கச் சொன்னால் உள்ளங்கை எல்லாம் வேர்த்து, மூச்சு மேலே மேலே வாங்கும். அக்கம்பக்கத்தில் பிடிவாதம் என்றார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க என்றார்கள். வேர்வையைப் பிடிவாதத்தால் வரவழைக்க முடியுமா, சொல்லுங்க.

அக்கா அவனுக்கு எல்லாமே செய்வாள். குளிக்கத் தண்ணி ஊற்றுவது, சட்டைப் பொத்தான் போடுவது, சாதம் பிசைந்து கொடுப்பது எல்லாம். மீசை வச்ச பிள்ளைக்கு. ஆபரேஷன் முடிஞ்சு அவளால் குனிய முடியவில்லை. அப்போதான் ராத்திரி என்கிட்ட கேட்டாள், "நான் போயிட்டா இவனுக்கு யாருடீ தண்ணி ஊத்துவா?" இந்தக் கேள்வி இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இருக்கு. வாய்விட்டுக் கேட்கிறவங்க கொஞ்சம் பேர்.

அந்தப் பக்கம் மாசம் ஒரு தடவை வீடு வீடாக வருகிற ஒரு சிறப்பாசிரியை இருந்தாங்க. அவங்க சொன்ன ஒரு விஷயத்தை நான் முடிச்சுப் போட்டு வச்சுக்கிட்டேன். அவனுக்கு எதெல்லாம் ஆகவில்லையோ அதையெல்லாம் பயம் என்று ஒரே மூட்டையில் கட்டாதே, சிலது பயம், சிலது வலி, சிலது என்ன நடக்கப் போகுதுன்னு தெரியாதது, மூணுக்கும் வைத்தியம் வேறே என்றாங்க.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் பார்த்தால் அது அப்படித்தான். கிரைண்டர் சத்தம் அவனுக்கு வலி. நமக்குப் பல்லில் குளிர்ந்த தண்ணி பட்டால் எப்படி இருக்கும், அது மாதிரி. அதைப் பழக்குகிறேன் என்று கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் வலிதான் கூடும். அதுக்கு வழி, சத்தத்தைக் குறைப்பது, இல்லை அவன் காதை மூடுவது. கட்டிட வேலைக்காரங்க போடுகிற காது மூடி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பாதி சண்டை அன்றைக்கே தீர்ந்தது. ஐந்து வருஷமா அவனை அடக்கு, அடக்கு என்று ஊரே சொன்னதுக்கு ஒரு காது மூடி பதில் சொல்லியது.

தெரியாத விஷயத்துக்கு முன்கூட்டிச் சொல்வதுதான் மருந்து. வாயால் சொன்னால் போதாது, அவனுக்கு எழுத்தில் இருக்கணும். தினசரி காலண்டர் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நாளைக்கு என்னென்ன என்று ராத்திரியே எழுதி ஒட்டுவேன். "10 மணி. மீட்டர் பார்க்க ஆள் வரலாம். வராமலும் இருக்கலாம்." இந்த "வராமலும் இருக்கலாம்" ரொம்ப முக்கியம். கட்டாயம் வருவாங்க என்று எழுதி அவங்க வராவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். கரண்ட் கேள்விக்கும் அப்படித்தான். போகாது என்று நான் சத்தியம் பண்ணுவதை விட்டுவிட்டு, "போனால் என்ன செய்யணும்னு எழுதுவோமா?" என்றேன். பேட்டரி லைட் எங்கே, விசிறி எங்கே, யார்கிட்ட கேட்கணும் என்று அவனே எழுதினான். கேள்வி நின்றுவிடவில்லை. நாற்பது பத்தாகக் குறைந்தது. அடுத்த வாரம் அவனே "மழை வந்து தண்ணி உள்ள வந்தா?" என்றான். கால்வாய் ஓரம் இருக்கிற வீடு, கேட்கத்தானே செய்வான். அதையும் எழுதினோம். ஒன்று, ஃபேன், டிவி பிளக் பிடுங்கணும். இரண்டு, ஆதார், ரேஷன் கார்டு இருக்கிற பை. மூணு, அம்மா மாத்திரை. நாலு, காது மூடி. ஐந்து, செருப்பு. ஆறு, மாடி வீட்டு ஆயா வீட்டுக்குப் போறது. ஆயாகிட்டயும் போய்ச் சொல்லி வச்சோம்.

உண்மையான பயத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற வேலை. அதுவும் எப்படி என்றால், பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டால், வீடுதான் காப்பாத்துச்சு என்று மனசு பதிய வச்சுக்கும், அடுத்த தடவை பயம் இன்னும் பெரிசாகும். அதனால் ஓடிவராத அளவுக்குச் சின்னதாக ஆரம்பிக்கணும். எங்களுக்கு அந்தச் சின்னது, வாசற்படியில் நின்று இருபது எண்ணுவது. நாலு நாள் அது மட்டும்தான். அப்புறம் தண்ணிக் குழாய் வரைக்கும். அப்புறம் அயர்ன் வண்டி வரைக்கும். பால் பூத்துக்குப் போய் ஒரு நீல பாக்கெட் வாங்கிக்கிட்டு அவன் தனியாகத் திரும்பி வந்தது ஆகஸ்ட் மாசம். வீட்டுக்கும் பூத்துக்கும் நடுவில் மொத்தமே முன்னூறு அடி இருந்தால் அதிகம். அதுக்கு ஏழு வாரம்.

பூத்துக்காரருக்கு முன்னாடியே போய்ச் சொல்லி வச்சேன். "அண்ணா, அவன் நிமிர்ந்து முகம் பார்க்க மாட்டான், பதில் சொல்ல நேரம் ஆகும், பின்னாடி நிக்கிறவங்க கத்தாம பார்த்துக்குங்க" என்று. அவர் நல்ல மனுஷன். பையன் சட்டைப் பையில் ஒரு அட்டை: எனக்கு ஆட்டிசம் இருக்கு, பேச நேரம் ஆகும், என் அம்மா போன் நம்பர் இது என்று. பின்பக்கத்தில், நீலம் இல்லைன்னா பச்சை, பச்சையும் இல்லைன்னா சும்மா வீட்டுக்கு வரலாம். அவனைத் தயார் பண்ணுவது பாதி வேலைதான். சந்தைத் தயார் பண்ணுவது மீதி.

இதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டை வராமல் இல்லை. அவன் சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுக் கால் மணி நேரம் நிற்பான். அக்காவுக்குக் கை துடிக்கும். நான் அவள் கையைப் பிடிச்சுக்குவேன். "நீ நாளைக்கு ஊருக்குப் போயிடுவ, அவன் எங்கயாவது விழுந்தா நான்தானே அழணும்" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. பெத்தவள் அவள். ஆனால் அன்பாகச் செய்கிற எல்லாமே பிள்ளைக்கு நல்லது இல்லை என்றுதான் இப்பவும் நான் நினைக்கிறேன். அக்காவும் கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். அவன் பொத்தான் போடும்போது அவள் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அடுத்தது ரயில். ஏன் ரயில் என்றால், அக்காவோட சுயஉதவிக் குழு மந்தைவெளிப் பக்கம் ஒரு கொட்டகையில் சத்துமாவு பாக்கெட் போடுகிறார்கள். எடை போட ஆள் வேணும் என்றார்கள். பஸ்ஸில் போகலாம். நம்ம ஊரைப் போலவே அங்கேயும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிற ஒருத்தருக்கும் இலவசம்தான். ஆனால் அடையாறு சிக்னலில் ஹாரனும் கூட்டமும் அவனுக்கு ஆகாது. ரோட்டு வேலை நடந்தால் பஸ் ஸ்டாப்பும் இடம் மாறிவிடும். பறக்கும் ரயில் அப்படி இல்லை. ஸ்டேஷன் எல்லாம் பெரிசு, மத்தியான நேரம் வெறிச்சோடி இருக்கும். கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம், கிரீன்வேஸ் ரோடு, மந்தைவெளி. ஒருநாளும் வரிசை மாறாது. வரிசை மாறாத எதையும் அவன் நம்புவான்.

முதலில் ஸ்டேஷன் படிக்கட்டு வரைக்கும். அப்புறம் டிக்கெட் மட்டும் வாங்கிவிட்டு வீட்டுக்கு. அப்புறம் ரயிலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு. பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். பத்து தடவை போனதுக்கு அப்புறம் நான் அதே பெட்டியில் எதிர்க் கோடியில் உட்கார்ந்தேன். செப்டம்பர் கடைசியில் ஒருநாள், பிளாட்பாரத்தில் ரயில் வந்து நிற்கும்போது அவனே சொன்னான், "சித்தி, நீ அடுத்த பெட்டியில ஏறு. லேடீஸ் பெட்டி இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னான். நான் ஏறிப் போய் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்றேன். நாலு ஸ்டேஷனும் கண்ணில் தண்ணி நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "யாராவது தவறிட்டாங்களாமா?" என்று கேட்டார்.

அதுக்கப்புறம் நான் ஊருக்கு வந்துவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய் வந்தேன்.

நவம்பரில் ஒருநாள் தனியாகப் போகும்போது ரயில் நடுவில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம்தான். இவன் கையைக் கடித்துக்கொண்டு, அடுத்து வந்த கிரீன்வேஸ் ரோட்டிலேயே இறங்கிவிட்டான். குடிச்சிருக்கான் என்று யாரோ சொன்னார்களாம். எங்க அட்டையில் ஒரு வரி உண்டு: சந்தேகம் வந்தால் உட்காரு, நகராதே, போன் பண்ணு. அவன் பெஞ்சில் உட்கார்ந்து போன் பண்ணினான். பேச வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது என்று அக்கா சொன்னாள். பின்னாடி ரயில் அறிவிப்புச் சத்தத்தை வைத்து ஸ்டேஷன் என்று கண்டுபிடிச்சு, ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடிப் போனாள். ஒரு மணி நேரம் அவன் அதே பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தான். "போதும்டீ, இனிமே வேணாம்" என்று அக்கா என்கிட்ட போனில் அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பயந்த நேரத்தில் கூட அவன் சொன்னபடி செஞ்சிருக்கானே என்று மட்டும் மாமாகிட்ட சொன்னேன்.

டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல். உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், நம்ம பக்கமும் மழை சும்மா விடவில்லை. சென்னையில் ரயில் ஓடவில்லை, போன் போகவில்லை, கரண்ட் நாள்கணக்கில் இல்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் தினம் கேட்ட இரண்டு பயமும் ஒரே ராத்திரியில் வந்து நிற்குது, என்ன ஆனானோ என்று. மூணாம் நாள் லைன் கிடைத்தது. அக்கா சொன்னாள்: மாமா டியூட்டியில் மாட்டிக்கிட்டார். விடியற்காலம் தண்ணி படியேறி உள்ளே வந்தது. அவளுக்குக் கை கால் ஓடவில்லை, கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இவன் சுவரில் ஒட்டின தாளைப் பேட்டரி லைட் அடித்துப் படித்தானாம். பிளக்கைப் பிடுங்கினானாம். பையை எடுத்தானாம். அம்மா மாத்திரையை எடுத்தானாம். காது மூடி போட்டுக்கிட்டு, செருப்பு மாட்டிக்கிட்டு, "அம்மா, ஆறு. ஆறு வந்துடுச்சு" என்று கையைப் பிடிச்சு மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனானாம். அவள் ஆத்தைத்தான் சொல்றான் என்று நினைத்தாளாம். மாடி ஏறினதுக்கு அப்புறம்தான் ஆறாம் நம்பர் என்று புரிந்ததாம்.

இதைச் சொல்லி முடித்தால் கை தட்டுவீங்க. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தண்ணி வடிந்ததும் அவன் உடைந்து போனான். வீடு முழுக்கச் சேறு, சுவரில் தாள் இல்லை, பாயில் நாத்தம். ஒரு மாசத்துக்கு மேல் வாசற்படி தாண்டவில்லை. குளிக்க மறுபடியும் அக்கா தண்ணி ஊற்ற வேண்டி வந்தது. எல்லாம் போச்சு என்று அக்கா சொன்னாள். சிறப்பாசிரியை மட்டும், கத்துக்கிட்டது போகாது, மேலே சேறு படிஞ்சிருக்கு, அவ்வளவுதான், முதல் படியிலேருந்து வாங்க என்றாங்க. மறுபடியும் வாசற்படி, இருபது எண்ணுவது. இந்தத் தடவை சீக்கிரம் வந்தது. பொங்கல் முடிந்து ஒரு திங்கட்கிழமை அவனே செருப்பு மாட்டிக்கிட்டு "மந்தைவெளி" என்றான்.

இப்போ வாரத்தில் நாலு நாள் போகிறான். மாவு அரைக்கிறது காலையிலேயே முடிந்துவிடும், மெஷின் நின்றதுக்கு அப்புறம்தான் இவன் வேலை. கூட்டமாக இருக்கிற மேசையில் உட்கார மாட்டான். சுவரைப் பார்த்த மாதிரி ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அரை கிலோ என்றால் அரை கிலோதான், ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. முன்னாடி கடைக்காரங்க எடை குறையுது என்று பாக்கெட்டைத் திருப்பி அனுப்புவாங்களாம். இப்போ அந்தப் பேச்சு இல்லை. பரிதாபப்பட்டுக் கொடுத்த வேலை இல்லை அது, குழுவுக்கும் லாபம். முதல் சம்பளத்தில் அவன் என்ன வாங்கினான் தெரியுமா? காலில் போட்டிருக்கிற அதே செருப்பு, அதே நிறம், அதே சைஸ், இரண்டு ஜோடி. "இது தேஞ்சா அது, அது தேஞ்சா இது" என்றான். மாமா பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டிருந்தார்.

சில நாள் போக மாட்டான். அந்த நாட்களில் வற்புறுத்துவதில்லை. பெரிய நோட்டு அவன் கையில் கொடுப்பதில்லை, ஒருத்தர் ஏமாற்றிப் பார்த்துவிட்டார். ராத்திரி அக்கா இன்னும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கிறாள். எல்லாப் பிள்ளைக்கும் ரயில் வேலை ஆகாது. பேச்சே வராத பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளை இரண்டு சட்டையைக் காட்டினால் ஒன்றைத் தொட்டுக் காட்டினால், போதும் என்று கையைத் தள்ளினால், அதுவும் தன் காலில் நிற்பதுதான். அதை அடம் என்று சொல்லாதீங்க.

கேனர் டாக்டர் எழுதின முதல் பிள்ளை யார் என்று அந்தச் சிறப்பாசிரியைதான் சொன்னாங்க. டொனால்ட் டிரிப்ளெட் என்று பேர். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். ஊர் பேரே ஃபாரஸ்ட், காடு. அவர் சொந்த ஊரிலேயே பேங்க்கில் வேலை பார்த்தார், இருபத்தேழு வயசில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், தனியாகப் பல நாடு சுற்றினார். 2023-ல் எண்பத்தொன்பது வயசில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு வசதி இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் பணம் மட்டும் இல்லை, அந்த ஊர்க்காரங்க அவரை நம்ம ஆள் என்று வச்சுக்கிட்டாங்க. பட்டணத்தைவிட ஊரில் இது சுலபம் என்று எனக்குத் தோணுது. அடையாறில் பூத்துக்காரர், ஆயா, அயர்ன்காரர் என்று ஒவ்வொருத்தராகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நம்ம ஊரில் ஒரு குழுக் கூட்டத்தில் சொன்னால் ராத்திரிக்குள் ஊருக்கே தெரிஞ்சுடும். இந்த ஒரு விஷயத்துக்காவது நம்ம வாய் உதவட்டும்.

இனி அலுவலக விஷயம், வேகமாகச் சொல்கிறேன். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது, ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை, ஆட்டிசம் உண்டு. அரசு வேலையில் நாலு சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் மாதிரியானவங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சதவீதம் ஒதுக்கியிருக்கு. எதுக்குப் போனாலும் முதலில் கேட்பது யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வாங்க.

1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டமும் ஆட்டிசத்துக்கு உண்டு. அதில் நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும். பயிற்சிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. இன்னொரு முக்கியமான விஷயம்: பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், பெத்த அம்மாவாக இருந்தாலும் சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆக முடியாது. பேங்க்கில் இதைக் கேட்பாங்க. தேவைப்பட்டால் கலெக்டர் தலைமையில் இருக்கிற உள்ளூர் அளவிலான குழுவில் விண்ணப்பம் கொடுத்துக் காப்பாளர் சான்று வாங்கலாம். எல்லாருக்கும் அது வேணும் என்று இல்லை. அக்கா பையனுக்கு வாங்கவில்லை. அவன் பேரில் அவனே கையெழுத்துப் போட்டுக் கணக்கு வச்சிருக்கான். கையெழுத்து ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும்.

பட்டணத்துக்குப் போகிறவங்களுக்குக் கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் இருக்கு. 1985-ல் பூனம் நடராஜன் என்கிற அம்மா தொடங்கினது. அவங்களே மாற்றுத்திறனுள்ள பிள்ளையைப் பெத்தவங்க. நமக்கு அதைவிடக் கிட்டே முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கு என்றே 2005-ல் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம எத்தனை தடவை பஸ்ஸில் அதைத் தாண்டிப் போயிருக்கோம், உள்ளே என்ன இருக்கு என்று எட்டிப் பார்த்ததில்லை.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை இரண்டு. நம்ம மசாலா யூனிட்டில் எடை போட, லேபிள் ஒட்ட ஆள் எடுக்கும்போது இந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்க்கணும். மெஷின் ஓடாத நேரத்தில், சுவர் ஓரம் ஒரு ஸ்டூல் போட்டு. இரண்டாவது, அந்த நாலு வீட்டு அம்மாக்கள் குழுக் கூட்டத்துக்கே வர முடியாமல் இருக்காங்க. பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வர்றது? மாசத்தில் இரண்டு மணி நேரம் முறை வச்சு நம்மில் ஒருத்தர் போய் அந்தப் பிள்ளைகூட உட்காரலாம். என் குழுவில் மூணு பேர் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பந்தலுக்குப் பின்னாடி, தண்ணி டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடையாள அட்டைக்கு என்னென்ன தாள் வேணும் என்று எழுதி வச்சிருக்கேன். சபையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் அங்கே வாங்க. செவ்வாய்க்கிழமை முட்டுக்காட்டுக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போகிறேன், இன்னும் இரண்டு பேர் சேர்ந்து வரலாம்.